தொப்புள் இல்லாத ரொட்டி

நைல் ஆற்றின் மேற்குக் கரை,
கோழிக்கூட்டை ஒட்டிய அறை,
புதன்கிழமை, எல்லோரும் தூங்கிய பிறகு.

பெருமதிப்பிற்கும் அளவற்ற அன்பிற்கும் உரிய என் தாய்மாமா ஜாபிர் அவர்களுக்கு, உங்கள் தங்கை மகள் ராவியா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அல்லாஹ் உங்களுக்கும் மாமிக்கும் உங்கள் படகின் மோட்டாருக்கும் குறைவில்லாத ஆரோக்கியத்தைத் தரட்டும். இங்கே அப்பா, அம்மா, நான், பதினொரு கோழிகள் எல்லோரும் நலம். கடிதம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று கவ்ஸர் டீச்சர் சொல்லிக் கொடுத்திருக்கிறார், ஆகவே தொடங்கிவிட்டேன். உண்மையில் கோழிகள் மட்டும்தான் நலம். நாளைக் காலை பத்து மணிக்கு அப்பாவுக்கு வேலை போய்விடும், அதோடு விட்டால் நல்லது, ஜெயிலுக்கும் போகலாம். காரணம் நான்.

பயத்தில் மறந்துவிடும் என்பதால் நன்றிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். விழாவுக்கென்று நீங்கள் வாங்கி அனுப்பிய வெள்ளை ஷூவுக்கு மிக்க நன்றி. அது என் காலைவிட இரண்டு விரற்கடை பெரியது, ஆனால் முன்பக்கம் செய்தித்தாளை அடைத்துப் போட்டுக்கொண்டதால் யாருக்கும் தெரியவில்லை, நடக்கும்போது சரசரவென்று சத்தம் வந்தது, அவ்வளவுதான். போன வருஷம் நான் படகுத்துறையில் ஆற்றுக்குள் விழுந்ததையும் நீங்கள் என்னைச் சட்டையைப் பிடித்துத் தூக்கியதையும் இன்றுவரை அம்மாவிடம் சொல்லாமல் இருப்பதற்கு இன்னும் பெரிய நன்றி. எனக்குத் தெரிந்த பெரியவர்களில் ரகசியம் காக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான், அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் உங்கள் போன் ஆற்றில் விழுந்து ஒன்பது நாளாகிறது, அதைச் சட்டையைப் பிடித்துத் தூக்கவும் வழியில்லை. அம்மாவின் போனோ ஒலிபெருக்கியில் மட்டும்தான் பேசும், நான் "மாமா" என்றால் தெருக்கோடியிலிருந்து "என்னம்மா?" என்று பதில் வரும். ஆகவே இந்தக் கடிதம் அம்மா உங்களுக்கு அனுப்பும் காலை ரொட்டிக் கூடையில், துணிக்கு அடியில், காய்கறி வண்டியில் வருகிறது. கடிதத்துக்கு அடியில் என் பள்ளித் தலைத்துணியில் சுற்றி இன்னொன்று இருக்கிறது. மாமா, கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், முழுவதும் படித்து முடிக்கும்வரை அதைப் பிரிக்காதீர்கள், பிரித்தாலும் கடிக்காதீர்கள்.

நெப்சேன் கல்லறை கண்டெடுக்கப்பட்டு ஐம்பது வருஷம் ஆனதற்கு இரண்டு நாள் விழா என்பது உங்களுக்குத் தெரியும், கெய்ரோ அருங்காட்சியகத்திலிருந்து வந்த டாக்டர் ஷஹீரைத் தினமும் காலையில் இந்தக் கரைக்குக் கொண்டுவந்து விடுவதே நீங்கள்தானே. அந்தக் கல்லறைக்கு அப்பா பத்தொன்பது வருஷமாகக் காவல்காரர் என்பதும் தெரியும். தெரியாதது இது: நெப்சேன் பாரோவின் தானியக் களஞ்சியத்தைக் கவனித்தவர் என்பதால் கல்லறையில் அவரோடு ஏழு ரொட்டிகள் வைத்திருந்தார்களாம், ஏழும் அப்போதே கெய்ரோவுக்குப் போய்விட்டன, இப்போது விழாவுக்காக அவற்றில் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார் டாக்டர். அதைப் பெற்றுக்கொண்டதற்கு அப்பா ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் பெருவிரலையும் உருட்டியிருக்கிறார். "ரெண்டும் எதுக்கு?" என்று அம்மா கேட்டதற்கு, "மூவாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு ஒரு கையெழுத்து பத்துமா?" என்றார் அப்பா.

அந்தப் பழைய ரொட்டியைப் பக்கத்தில் போய்ப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது மாமா, ஏனென்றால் அது நம் வீட்டு வெயில் ரொட்டி. மாவைப் பிசைந்து மண் தட்டில் வைத்து மாடியில் வெயிலில் பொங்கவிட்டு, ஓரத்தில் நான்கு கீறல் போட்டுச் சுடுகிறோமே, அதே வட்டம், அதே நான்கு காது. டாக்டருக்கு இதில் ஒரே சந்தோஷம். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும், வைத்துக்கொண்டு நிற்க நம் ஊர்ப் பெண் ஒருத்தி வேண்டும் என்று சொல்லி, காவல்காரரின் மகள் என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்தார். நேற்றுச் சாயங்காலம் அவர் நம் வீட்டு முற்றத்துக்கு வந்தபோது அம்மா சுடச்சுட ஒரு ரொட்டியை அவர் முன் நீட்டினாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அழகா இருக்கும்மா. ஆனா ரொம்ப உப்பியிருக்கு. நெப்சேனோட ரொட்டி தட்டையா, கெட்டியா இருக்கே."

"அவரு ரொட்டி மூவாயிரம் வருஷமா குழிக்குள்ள கெடக்கு டாக்டர். என்னை அத்தனை வருஷம் போட்டு வெச்சா நானுந்தான் தட்டையாயிடுவேன்."

"சுக்கரிய்யா," என்று அப்பா அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவள் முக்காட்டு நுனியை இழுத்தார், "அவரு பெரிய டாக்டர்."

"பெரிய டாக்டர்னா பல்லைப் பாக்கட்டும், ரொட்டியை ஏன் பாக்குறாரு?"

டாக்டர் நல்லவர், சிரித்துவிட்டார். அதற்கும் நன்றி. "காய்ஞ்ச ரொட்டி இருக்குமாம்மா? நீங்கல்லாம் காயவெச்சு மாசக்கணக்குல வெச்சிருப்பீங்களே, டீயில நனைச்சுச் சாப்பிட?" என்று கேட்டார். "என் மாடியில ஒரு கூடை இருக்கு, காலையில தர்றேன்" என்றாள் அம்மா. இதையெல்லாம் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தது பக்கத்து வீட்டு உம் ஹிலால். ஐம்பது வருஷத்துக்கு முன் அவள் மாமனார் கக்கூஸுக்குக் குழி தோண்டும்போதுதான் நெப்சேனின் கூரை இடிந்து உள்ளே விழுந்தார் என்பதை விழா அழைப்பிதழில் போடவில்லை, அவளையும் கூப்பிடவில்லை.

"எங்க கக்கூஸ்ல கெடைச்ச மனுஷன்!" என்றாள் உம் ஹிலால் வானத்தைப் பார்த்து. "எங்க வீட்டையே இடிச்சு எடுத்தாங்க. இன்னைக்கு ரொட்டி மட்டும் அடுத்த வீட்டுதாம்!"

"உன் ரொட்டியை அந்தப் பெட்டியில வெச்சா நெப்சேனே எந்திரிச்சுத் திரும்பப் போயிருவாரு!" என்றாள் அம்மா, அவளும் வானத்தைப் பார்த்து. இருவரும் ரமலானிலிருந்து நேருக்கு நேர் பேசுவதில்லை.

இன்று காலை எனக்குப் பாரோ காலத்து வேஷமாக வெள்ளைப் படுக்கை விரிப்பைச் சுற்றி, அட்டையில் தங்கக் காகிதம் ஒட்டிய கழுத்தணி மாட்டி, கறுப்புக் கம்பளி நூலில் கவ்ஸர் டீச்சரே பின்னிய பொய்முடியைத் தலையில் கவிழ்த்தார்கள். அது கண்வரை இறங்கியது, ஆனாலும் அவர் இரண்டு இரவு தூங்காமல் பின்னியது, நன்றி. நான் சொல்ல வேண்டியது ஒரே வரி: "இது மூவாயிரத்து முந்நூறு ஆண்டு பழையது, இது என் அம்மா சுட்டது, இரண்டும் ஒன்றே." இதை நான் கோழிகளிடம் நாற்பது தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். கல்லறைக்குள் சின்ன அறை, அதில் முப்பது பேர், கல்யாணப் பந்தல்காரரிடம் வாங்கிய ஜெனரேட்டரில் எரியும் நான்கு விளக்குகள், நடுவில் நான், என் கையில் பெரிய தட்டு, தட்டில் அம்மா காலையில் கொடுத்த காய்ந்த ரொட்டி. பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி. அதற்குப் பக்கத்தில் நகரத்திலிருந்து வந்த பெரிய அதிகாரி, அவ்வளவு பருமனான மனிதர் அந்தக் குறுகிய வழியில் எப்படி இறங்கினார் என்று இன்னும் யாருக்கும் புரியவில்லை. புகைப்படக்காரர் இரண்டு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியில் விளக்கு பளபளக்கிறது, ரொட்டி தெரியவில்லை என்றார். டாக்டர் யோசித்தார், வெள்ளைக் கையுறை மாட்டினார், பெட்டியைத் திறந்தார், நெப்சேனின் ரொட்டியை எடுத்துப் பூப்போல என் தட்டில் அம்மாவின் ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். "மூச்சு விடாதம்மா, ஒரே நிமிஷம்" என்றார். நான் மூச்சு விடவில்லை மாமா, சத்தியம். அந்த நேரம் பார்த்து வெளியே யாரோ அதிகாரிக்குத் தேநீர் போடலாம் என்று மின்கெண்டியை அதே ஜெனரேட்டரில் செருகினார்கள்.

நான்கு விளக்கும் அணைந்தன. இருட்டு என்றால் நம் வீட்டு இருட்டு இல்லை, நெப்சேன் வீட்டு இருட்டு. டாக்டர் "ஜெனரேட்டர்! ஜெனரேட்டர்!" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடினார், அவர் இடித்ததில் நான் ஓரடி பின்னால் வைத்தேன், என் கால் பின்னால் போனது, ஷூ போகவில்லை. உங்கள் ஷூவைக் குறை சொல்லவில்லை, செய்தித்தாளைத்தான் சொல்கிறேன். தட்டு சரிந்தது. நான் அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், அல்லது "நெப்சேனின் ரொட்டி" என்றாவது கத்தியிருக்கலாம், அப்படிக் கத்தியிருந்தால் எல்லோரும் நின்ற இடத்தில் கல்லாக நின்றிருப்பார்கள். நான் கத்தியது, "ஐயோ, ரொட்டி கீழ விழுந்துருச்சு!"

கீழே ரொட்டி கிடக்கிறது என்று கேட்டால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா. முப்பது பேரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். தலையோடு தலை மோதும் சத்தம் சுவர்களில் எதிரொலித்தது.

"யாரும் மிதிச்சிராதீங்கப்பா, பாவம்!"

"பிஸ்மில்லாஹ், ஒண்ணு கெடைச்சிருச்சு. முத்தம் குடுத்து மேல வைங்க."

"யோவ், அது என் காது."

"இன்னொண்ணு எங்க? டீச்சர், நீங்க நிக்கிற எடத்துல பாருங்க."

"என் காலை விடுங்க, அது ரொட்டி இல்ல!"

விளக்கு வந்தபோது ஒரு ரொட்டி சுவர் மாடத்தில், வரைந்திருக்கும் நெப்சேனின் காலடியில், யார் காலும் படாத உயரத்தில் பத்திரமாக இருந்தது. யாரோ முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, அங்கே வைத்திருக்கிறார்கள். அப்பாவாக இருக்கலாம், அவர் கை அந்தப் பக்கம்தான் இருந்தது. இன்னொன்று பெரிய அதிகாரியின் நெற்றியில் இருந்தது. அவர் கண்ணை மூடி, அதை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் அழுத்திக்கொண்டு நின்றார், கன்னத்தில் கண்ணீர். "எங்கம்மா இப்படித்தான்," என்றார் எல்லோரிடமும். "ஒரு துண்டு கீழ விழுந்தாலும் வேலையை விட்டுட்டு ஓடி வருவா." எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்ததால் கீழே விழுந்து கிடந்த என்னை யாரும் பார்க்கவில்லை. அல்லாஹ் அவர் அம்மாவுக்குச் சுவனத்தைத் தரட்டும், அவருக்கும் என் நன்றி.

அப்போது டாக்டர் திரும்பி வந்தார். வெளியே இருட்டில் மூக்குக்கண்ணாடி விழுந்து அதை அவரே மிதித்துவிட்டாராம், ஒரு பக்கம் கண்ணாடி இல்லை, இன்னொரு பக்கம் சிலந்தி வலை மாதிரி விரிசல். நெப்சேனின் காலடியில் இருக்கும் ரொட்டி நெப்சேனுடையதாகத்தானே இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, நேராக மாடத்துக்குப் போய், அதை எடுத்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். அதிகாரி தன் கையிலிருந்ததை என்னிடம் கொடுத்து, "இது உங்கம்மாவோடது, பத்திரமா எடுத்துட்டுப் போம்மா" என்றார். கவ்ஸர் டீச்சர் பின்னாலிருந்து என் முதுகில் கிள்ளினார், நான் என் வரியைச் சொன்னேன். "இது என் அம்மா, மூவாயிரத்து முந்நூறு ஆண்டு பழையது." எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா கைதட்டவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் உங்களுக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன் மாமா. ராத்திரி நாளைய பாடப் புத்தகம் எடுக்கப் பையைத் திறந்தேன், ரொட்டி கையில் பட்டது, மாடிக் கூடையில் போட்டுவிடலாம் என்று எடுத்துத் திருப்பினேன். அடியில் தொப்புள் இல்லை.

அம்மா புதுத் தட்டு செய்யும்போது ஈர மண்ணின் நடுவில் கட்டைவிரலை ஒரு தடவை அழுத்துவாளே, ஊர் அடுப்பில் பல வீட்டு ரொட்டிகளும் கலந்தாலும் நம்முடையது எது என்று தெரிய வேண்டும் என்பதற்காக. அந்தக் குழியில் மாவு இறங்கி, வெந்த பிறகு அடியில் ஒரு சின்ன மொட்டாக நிற்கும். பிறந்ததிலிருந்து நான் தின்ற ஒவ்வொரு ரொட்டிக்கும் தொப்புள் இருந்திருக்கிறது. இதற்கு இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன், விரலால் தடவிப் பார்த்தேன், நாக்கால்கூடத் தொட்டுப் பார்த்தேன், அல்லாஹ் மன்னிக்க வேண்டும், உப்பாக இருந்தது. அப்படியென்றால் இது அம்மாவுடையது இல்லை. இருந்ததே இரண்டு ரொட்டி. அம்மாவுடையது இல்லாத ரொட்டி யாருடையது என்பதைக் கண்டுபிடிக்கக் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்க வேண்டியதில்லை.

ஆக இப்போது நிலைமை இதுதான். மூவாயிரத்து முந்நூறு வருஷப் பழைய ரொட்டி என் கணக்குப் புத்தகத்துக்கும் பென்சில் டப்பாவுக்கும் நடுவில் இருக்கிறது. அப்பா துப்பாக்கியைத் துடைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, டபுள் காவல் என்று சொல்லிக் கம்பளியோடு போய், கல்லறை வாசலில் உட்கார்ந்து, அம்மாவின் ரொட்டியை விடிய விடியக் காவல் காக்கிறார். நாளை பத்து மணிக்கு எல்லோர் முன்னாலும் டாக்டர் பெட்டியைத் திறந்து, எடை போட்டு, தாளில் எழுதியிருக்கும் எடையோடு சரிபார்த்து, கெய்ரோவுக்குத் திருப்பி எடுத்துப் போகப் போகிறார். அதற்குள் அவருக்குப் புதுக் கண்ணாடி வந்துவிடும். ரொட்டியைத் திருப்புவார், தொப்புள் தெரியும். கையெழுத்து யாருடையது, பெருவிரல் யாருடையது?

அப்பாவிடம் சொல்லலாம் என்றால், அப்பாவுக்குப் பொய் வராது, சொல்ல முயன்றாலே காது சிவந்துவிடும், நான் சொன்ன மறுநிமிடமே நடந்து போய்த் தன்னைத் தானே பிடித்துக் கொடுத்துவிடுவார். அம்மாவிடம் சொன்னால் அதைவிட மோசம், பெட்டிக்குள் இருப்பது தன் ரொட்டி என்று தெரிந்தால் சந்தோஷத்தில் மாடியேறி உம் ஹிலாலுக்குக் கேட்கும்படி அறிவித்துவிடுவாள். நானே போய் மாற்றி வைக்கலாம் என்றால் பெட்டியின் சாவி டாக்டரிடம், வாசலில் துப்பாக்கியோடு அப்பா. யோசித்துக்கொண்டிருந்தபோது பழுப்புக் கோழி கூட்டிலிருந்து நழுவி வந்து பைக்குள் தலையை விட்டது. விரட்டிவிட்டேன். ஓரத்தில் ஒரு கொத்து இருக்கலாம், அது பழைய கொத்தா புதுக் கொத்தா என்று தெரியவில்லை.

மாமா, நீங்கள் செய்ய வேண்டியது இது. காலையில் டாக்டர் உங்கள் படகில் ஏறுவார். நடு ஆற்றில் மோட்டாரை நிறுத்துங்கள். அவருக்கு நீச்சல் தெரியாது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள், நீச்சல் தெரியாதவர் நடு ஆற்றில் அதிகம் கோபப்பட மாட்டார். மெதுவாக, முதலில் தேநீர் கொடுத்து, பிறகு தலைத்துணியைப் பிரித்துக் காட்டுங்கள். திருடவில்லை, இருட்டில் முத்தமிட்டதில் மாறிவிட்டது என்று சொல்லுங்கள். அப்பாவுக்கு எதுவும் தெரியாது என்று சொல்லுங்கள். பத்தொன்பது வருஷமாக அவர் ஒரு கல்லைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை, ஷூவுக்குள் மணல் வந்தால்கூட வாசலில் தட்டிவிட்டுத்தான் வருவார் என்று சொல்லுங்கள். தண்டனை வேண்டுமென்றால் எனக்குக் கொடுக்கட்டும். டாக்டர் சிரிக்கத் தெரிந்த மனிதர், அந்த ஒரு நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

எல்லோர் மீதும் எனக்கு நன்றிதான் மாமா, யார் மீதும் வருத்தமில்லை. குனிந்த முப்பது பேரும் நல்லவர்கள், அவர்கள் குனியாமல் நின்றிருந்தால் யாராவது மிதித்து நெப்சேனின் ரொட்டி மாவாகியிருக்கும். இரண்டு ரொட்டியும் உடையாமல் இருப்பது அவர்களால்தான். அவர்கள் அவ்வளவு நல்லவர்களாக இருந்ததுதான் பிரச்சினை.

மாமிக்கு என் ஸலாம். உங்கள் படகுக்கு நல்ல காற்றும் உங்கள் கைக்கு வலிமையும் உங்கள் நாவுக்கு நாளைக் காலை மட்டும் இனிமையும் கிடைக்க அல்லாஹ்விடம் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நடுங்கியிருந்தால் மன்னிக்கவும், டார்ச்சின் பேட்டரியும் நடுங்குகிறது.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
ராவியா

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதிய எதையும் செய்யாதீர்கள். மோட்டாரை நிறுத்தாதீர்கள். டாக்டருக்குத் தேநீர் மட்டும் கொடுங்கள், வேறெதுவும் காட்டாதீர்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் அம்மா வாசலில் நிற்கிறாள், கோழிச் சத்தம் கேட்டு வந்தாளாம். ஒரு கையால் கடிதத்தை எடுத்தாள், இன்னொரு கையால் ரொட்டியை எடுத்தாள். நின்றபடியே முழுக் கடிதத்தையும் படித்தாள். "அம்மா, அதைத் தொடாத, அது நெப்சேனோடது" என்றேன். அவள் ரொட்டியைத் திருப்பினாள், அடியைப் பார்த்தாள், பிறகு அதை முழங்காலில் வைத்துப் படாரென்று இரண்டாக உடைத்தாள். மூவாயிரத்து முந்நூறு வருஷம் ஒரு முழங்காலில் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நான் போட்ட சத்தத்தில் பதினொரு கோழியும் எழுந்துவிட்டன.

"கத்தாத, பக்கத்து வீட்டுக்குக் கேக்கப் போவுது," என்றாள் அம்மா, குரலை இவ்வளவு தாழ்த்தி நான் கேட்டதேயில்லை. "இங்க பாரு."

உடைந்த இடத்தில், ரொட்டிக்கு நடுவில், ஒரு நீல நூல் நீட்டிக்கொண்டிருந்தது. மாவு மூட்டை தைக்கும் நைலான் நூல்.

"பாரோ காலத்துல நைலான் இருந்துச்சா?"

"இல்ல."

"மாவைச் சலிக்காம பிசையறவ இந்த ஊர்ல யாரு?"

நான் மதிலைப் பார்த்தேன். அம்மாவும் மதிலைப் பார்த்தாள்.

நம் மாடிக் கூடையில் இருந்த காய்ந்த ரொட்டி அத்தனையையும் எலி தின்றுவிட்டிருந்ததாம். டாக்டரிடம் ஒரு கூடை இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லிவிட்டு விடிகாலையில் மாடியேறிப் பார்த்தால் தூள்தான் இருந்திருக்கிறது. "கேட்டா குடுத்திருப்பா," என்றாள் அம்மா. "குடுத்துட்டுப் பத்து வருஷம் சொல்லிக் காட்டியிருப்பா. அதான் கேக்கல." இரண்டு மாடிக்கும் நடுவில் ஒரு முழச் சுவர்தான், அம்மா அதைத் தாண்டியிருக்கிறாள். ஆகவே பெட்டிக்குள் இருப்பது நெப்சேனின் ரொட்டியேதான், அப்பா சரியான ரொட்டியைத்தான் காவல் காக்கிறார், அப்பாவின் பெருவிரலுக்கு ஒன்றும் ஆகாது. நான் அழுதேன். அம்மா என் தலையைத் தன் மடியில் அழுத்திக்கொண்டு, "உங்கப்பாவுக்காக நீயா இவ்வளவு எழுதுன?" என்று கேட்டாள், பிறகு, "ஆத்துல விழுந்ததுக்கும் ஒரு கடுதாசி எழுதியிருக்கலாம்ல?" என்றாள். மாமா, அதைப் பற்றி உங்களிடம் தனியாகப் பேசப் போகிறாளாம். மன்னித்துவிடுங்கள்.

கடிதத்தைக் கிழித்துவிடட்டுமா என்று கேட்டேன், இவ்வளவு தாள் வீணாகக் கூடாது, அனுப்பு என்கிறாள். பாதி ரொட்டியை நாங்கள் டீயில் நனைத்துத் தின்றுவிட்டோம். அம்மா இரண்டாவது துண்டு கேட்டாள், நன்றாக இல்லை என்று சொல்லிக்கொண்டே. மீதிப் பாதி உங்களுக்கு, நூலைப் பார்த்துச் சாப்பிடுங்கள். விடிந்ததும் உம் ஹிலாலுக்கு ஆறு புது ரொட்டி கொடுத்தனுப்பப் போகிறாளாம். எதற்கென்று சொல்ல மாட்டாளாம், அவள் ஏன் ஏன் என்று யோசித்தே மெலிந்து போகட்டுமாம். நாளை விழாவில் உம் ஹிலாலைத் தன் பக்கத்தில் நிற்கவைத்துக்கொள்ளவும் போகிறாளாம், அதற்கும் காரணம் சொல்ல மாட்டாளாம். இந்த ரகசியத்தை ஆற்றில் விழுந்ததைவிடக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள்.

"ஆனா அம்மா," என்று கேட்டேன், "அது நம்ம வீட்டு ரொட்டினு நான் எல்லார் முன்னாடியும் காட்டிட்டேனே, அது பொய்தானே."

அம்மா விரலில் ஒட்டிய துணுக்கை நக்கினாள். "பாரோ ஆளுங்க வந்து, நெப்சேன் செத்துட்டாரு, ஏழு நல்ல ரொட்டி குடும்மானு ஒருத்திகிட்டக் கேட்டிருப்பாங்கல்ல?" என்றாள். "அன்னைக்கு அவ கூடையிலயும் எலி பூந்திருந்தா, அவ மட்டும் என்ன பண்ணியிருப்பாங்கற? சுவத்தைத் தாண்டியிருப்பா. விளக்கை அணைச்சுட்டுப் படு."